சேச்சீ, ஒரு எறணாகுளம்

எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளிலேயே சிறந்த சண்டையை மூட்டிவிட்டவன் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. அந்த வயதில் மற்ற பிள்ளைகள் கிணற்றில் வாளியைப் போட்டார்கள், அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைத்தார்கள். எனக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் போதாது. எனக்கு வாய்த்தது வெறும் குரல். யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவேன். எங்கள் சந்துக்கு வரும் மீன்காரர், தொந்தி முதலிலும் தான் பின்னாலுமாக நடந்துவரும் குஜராத்தி மிளகு வியாபாரி, எங்கள் ஹெட்மாஸ்டர் எல்லோரும் என் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து புறப்படும் படகின் ஹார்னைக்கூடச் செய்வேன். ஒருமுறை அதைச் செய்து, சாயாக்கடையில் உட்கார்ந்திருந்த நான்கு பேரைப் பாதி கிளாஸோடு ஜெட்டி வரை ஓடவைத்தேன். அவர்கள் திரும்பி வந்தபோது நான் அங்கே இல்லை என்பதால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா கார்ப்பரேஷனில் ரோடு வேலை மேஸ்திரி. தாத்தாவோடு சிறு வயதிலேயே கொச்சிக்கு வந்துவிட்டவர். அவருடைய தமிழில் பாதி மலையாளம். அம்மா தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவளுடைய தமிழில் முழுக்கத் தென்காசி. இருவருக்கும் நடுவில் நான், இரண்டையும் கெடுத்துப் பேசிக்கொண்டு.

அந்த வருஷம் அம்மா பக்கத்து வீட்டு மலையாள அக்காவிடம், அதாவது சேச்சியிடம், குழாய்ப்புட்டு செய்யக் கற்றுக்கொண்டாள். சேச்சி வீட்டுப் புட்டு குழாயிலிருந்து வெளியே வரும்போதே பூப்போல உதிரும். அம்மாவின் புட்டு உதிராது. தட்டில் விழும்போது 'டங்' என்று ஒரு சத்தம் வரும். அப்பா ஒன்றும் சொல்லாமல் உடைத்து, பழம் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். வீட்டில்தான் ஒன்றும் சொல்லமாட்டார்.

சனிக்கிழமைகளில் அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அப்படி ஒரு சனிக்கிழமை தூக்குவாளியோடு போனபோது, தார் கொதிக்கிற டிரம்முக்குப் பக்கத்தில் நின்று அப்பா கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தாரும் வேண்டா, ஜல்லியும் வேண்டா. எங்க வீட்டுல இருந்து ரெண்டு குழாய் புட்டு கொண்டுவந்து இந்தக் குழியில வெச்சா மதி, அது போதும். மேல லாரி போனாலும் ஒரு பொடி உதிராது. பத்து வருஷம் கியாரண்டி."

கூட்டாளிகள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு கலைஞனுக்கு நல்ல சரக்கு கிடைத்தால் அதை மனத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? வீட்டுக்கு ஓடினேன். அப்பாவின் துண்டைத் தலையில் கட்டி, இடுப்பில் கை வைத்து, அம்மாவுக்கும் சேச்சிக்கும் முன்னால் அந்தக் காட்சியை முழுவதுமாக நடித்துக் காட்டினேன். லாரி போகும் சத்தத்தை நானாகச் சேர்த்துக்கொண்டேன். சேச்சி சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். என் வாழ்க்கையின் முதல் பெரிய வெற்றி அது என்று நினைத்தேன்.

சாயங்காலம் அப்பா வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா ஒரு முழுக் குழாய் புட்டைத் தட்டில் வைத்தாள். பழம் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, அப்பாவின் வேலைப் பையிலிருந்த கொத்தனார் கரண்டியைக் கழுவித் துடைத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா புட்டைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நேரம் பார்த்து வீட்டுப்பாடம் ஞாபகம் வந்தது.

அன்று தொடங்கியது. அம்மாவின் கட்சி என்னவென்று அவள் சேச்சியிடம் சொன்னபோது எனக்குக் காதில் விழுந்தது: "வீட்டுக்குள்ள சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன் சேச்சி. ஊரான் முன்னாடில்லா சொல்லியிருக்காக. என் அடுப்புல வெந்தத அவன் அவன் சொல்லிச் சிரிக்கான்." அப்பாவின் கட்சி அதைவிடச் சுருக்கம். "கரண்டி வெச்சாளே!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். குளிக்கும்போதும் சொல்வார்.

பதினைந்து நாள் இருவரும் பேசவில்லை. எங்கள் வீடு ஒரே அறை, அதற்கு ஒரு அடுப்படி. இரண்டு பேர் பேசாமல் இருப்பதற்கு அதில் இடமே கிடையாது. ஆகவே எல்லாப் பேச்சும் என் வழியாகவே நடந்தது.

"ஏலே, ஒங்கப்பாட்ட வெந்நி வேணுமான்னு கேளு."

அப்பா இரண்டடி தள்ளி நிற்பார். நான் அம்மாவின் குரலிலேயே கேட்பேன். "வேண்டான்னு சொல்லு" என்பார் அவர். நான் அப்பாவின் குரலிலேயே சொல்வேன். கொஞ்ச நாளில் தொழில் சுத்தம் வந்துவிட்டது. அவர்கள் சொல்லாததையும் சேர்த்துக்கொண்டேன். "பையனுக்கு ஒரு தோசை கூட வைக்கணுமாம்" என்று அப்பா சொன்னதாக அம்மாவிடம் சொன்னேன். "பையனுக்குக் கடலை மிட்டாய் வாங்கணுமாம்" என்று அம்மா சொன்னதாக அப்பாவிடம் சொன்னேன். இரண்டும் நிறைவேறின. முதல் வாரம் எனக்கு அந்தச் சண்டை பிடித்துத்தான் இருந்தது.

இரண்டாவது வாரத்தில் பிடிக்கவில்லை. சாப்பிடும்போது யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. நான் மீன்காரராகவும் மிளகு வியாபாரியாகவும் மாறி மாறிப் பேசிப் பார்த்தேன். அம்மா "தின்னுட்டுப் படு" என்றாள். ஹெட்மாஸ்டரை இறக்கிப் பார்த்தேன். அப்பா திரும்பிப் படுத்துக்கொண்டார். பிழைப்பு போனது கூடப் பரவாயில்லை, இதை ஆரம்பித்தவன் நான் என்பது எனக்குத் தெரியுமே. இவர்கள் இனிமேல் பேசவே மாட்டார்களோ என்று பயம் வந்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் அத்தை வீட்டு விசேஷம் வந்தது. எறணாகுளத்தில் இருந்த அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. அவளுடைய மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள், அந்தத் தாய்மாமன் எங்கள் அப்பா. பத்தரை மணிக்கு முகூர்த்தம். மடி வந்து சேராவிட்டால் ஊசி காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் ஜெட்டிக்குக் கிளம்பினோம். அப்பா முன்னால், கையில் சீர்த்தட்டு. பட்டுப்பாவாடை, வளையல், பழம், தேங்காய், மேலே ஒரு சிவப்புத் துணி. அம்மா பத்தடி பின்னால். அந்தப் பத்தடிக்குள் நான் முன்னும் பின்னுமாக.

மட்டாஞ்சேரி ஜெட்டியின் டிக்கெட் கவுண்டரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஜன்னல் ஒன்றுதான், வரிசை இரண்டு. நடுவில் ஓர் இரும்புக் குழாய். ஆண்கள் வரிசை வாலை ரோட்டில் போட்டுக்கொண்டு கிடக்கும். பெண்கள் வரிசையில் ஐந்தாறு பேர். கிளார்க் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கொடுப்பார். ஆகவே அவசரக்கார ஆண்கள் பெண்கள் வரிசைக்குப் பக்கத்தில் வந்து, யாராவது ஒரு சேச்சியின் கையில் சில்லறையைக் கொடுத்து, "சேச்சீ, ஒரு எறணாகுளம்" என்பார்கள். முன்பின் தெரியாத சேச்சியும் எடுத்துக் கொடுத்துவிடுவாள். பெண்கள் தங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் எடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அதனால் கிளார்க் "ஆரா?" என்று கேட்பார். "அண்ணன்" என்று பதில் வரும். அவரும் நம்பியதுபோல் டிக்கெட்டைக் கிழிப்பார். எத்தனையோ வருஷமாக நடந்துவந்த முறை இது.

கல்யாணமாகி வந்த புதிதில் அம்மாவிடம் ஒரு மனிதர் இப்படிக் காசை நீட்டியிருக்கிறார். அவள் நடுங்கிப்போய்க் கூட்டத்தில் புகுந்து ஓடி அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். "அட, அது இங்கத்த வழக்கமாக்கும்" என்று அப்பா சிரித்து விளக்கிய பிறகு, அவளைப் போலத் தாராளமான சேச்சி அந்த ஜெட்டியிலேயே இல்லாமல் ஆகிவிட்டாள். "ஊர் பேர் தெரியாதவுக நம்மள நம்பிக் கேக்காக, எப்பிடி இல்லங்கது?" என்பாள். அவள் முகத்தில் அது எழுதியிருந்ததோ என்னவோ, எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

சண்டை இல்லாத நாட்களில் அப்பாவின் டிக்கெட்டையும் அம்மாவே எடுத்துவிடுவாள். அன்று அப்பா நேராக ஆண்கள் வரிசையின் வாலுக்குப் போய் நின்றார். அவருக்கு முன்னால் அறுபது பேராவது இருப்பார்கள். நானும் அம்மாவும் பெண்கள் வரிசையில் ஐந்தாவது. படகு ஜெட்டியில் வந்து கட்டியிருந்தது. இதை விட்டால் அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்து. பஸ்ஸில் தோப்பும்படி வழியாகச் சுற்றினால் அத்தை மகளுக்கு அடுத்த வருஷம்தான் காது குத்த முடியும்.

நான் இரும்புக் குழாய்க்கு அடியில் புகுந்து அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, அம்மாகிட்ட உங்களுக்கும் எடுக்கச் சொல்லட்டா?"

"எடுக்கணும்னு அவளுக்குத் தோணினா எடுக்கட்டு. நான் கேக்க மாட்டேன்."

திரும்ப ஓடினேன். "அம்மா, அப்பாவுக்கும் சேத்து எடும்மா."

"ஏன், அவுகளுக்கு வாய் இல்லியா? அதான் நல்லா நீளமா இருக்கே. வந்து கேக்கச் சொல்லு."

மறுபடி குழாய்க்கு அடியில். என் வெள்ளைச் சட்டை முதுகில் துருப்பட்டைகள் ஏறிக்கொண்டே போயின. அதற்குள் அம்மாவிடம் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். குடையோடு ஒரு வயதானவர், "மோளே, ஒரு எறணாகுளம்." புத்தகம் வைத்திருந்த ஒரு காலேஜ் பையன், "சேச்சீ, எனக்கும்." பிறகு கூடையோடு ஓர் ஆள். மூன்று பேர் காசையும் அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்பா தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரிலுள்ள ஆண்களெல்லாம் தன் மனைவியிடம் டிக்கெட் கேட்கிறார்கள், தனக்கு மட்டும் வழியில்லை. சீர்த்தட்டின் மேலிருந்த சிவப்புத் துணி காற்றில் அவர் முகத்தில் அடித்தது. இரண்டு கையும் தட்டில் இருந்ததால் விலக்கவும் முடியாமல், வாயால் ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு பெண்தான். அப்பாவுக்கு முன்னால் ஐம்பது பேர். எனக்கு அழுகை முட்டியது. என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் தொண்டை. அம்மாவுக்குப் பின்னால் நின்று, உள்ளங்கைகளை வாயில் குவித்து, மூச்சை முழுவதும் இழுத்து, படகின் ஹார்னை அடித்தேன்.

என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அதை அடித்ததில்லை. ஆண்கள் வரிசை உடைந்து நெளிந்தது. "ஐயோ, போட் விட்டு! படகு போச்சு!" என்று யாரோ கத்தினார்கள். கயிற்றுக்காரர் படகிலிருந்து எட்டிப் பார்த்து, தன்னைக் கேட்காமல் யார் அடித்தது என்று மேலே பார்த்தார். அம்மா திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி, சரியாக என் காதைப் பிடித்தாள். ஆனால் அதற்குள் அப்பா ஓடிவந்துவிட்டார். தட்டு ஆட, தேங்காய் உருள, பெண்கள் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நின்றவர் அம்மாவைப் பார்க்கவில்லை. படகு நின்ற காயலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"சேச்சீ," என்றார் அப்பா, "ஒரு எறணாகுளம்."

என் காதிலிருந்த பிடி அப்படியே நின்றது. அம்மாவும் திரும்பவில்லை. என் காதை விட்டுவிட்டு அந்தக் கையை மட்டும் நீட்டினாள். அப்பா தட்டை ஒரு கையில் தாங்கி, சில்லறையை அதில் வைத்தார்.

கிளார்க் முதலில் குடைக்காரரைக் காட்டி, "ஆரா?" என்றார். "பெரியப்பா" என்றாள் அம்மா. "இது ஆரா?" "தம்பி." "கூடைக்காரனோ?" "அண்ணன்."

"சேச்சிக்கு பெரிய குடும்பமாணல்லோ" என்று சொல்லிக்கொண்டே கிழித்த கிளார்க், கண்ணாடியைத் தூக்கிவிட்டு, சீர்த்தட்டோடு நின்ற அப்பாவைப் பார்த்தார். "இயாள் ஆரா?"

அம்மா அப்போதுதான் திரும்பினாள். அப்பாவைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தாள்.

"இவரு யாருன்னு தெரியாது சார். பாத்தா பாவமா இருக்கு. குடுத்துருங்க."

எனக்கு உலகம் இருண்டது. "அம்மா! இது நம்ம அப்பாம்மா!" என்று அலறினேன். இரண்டு வரிசையும் என்னைத் திரும்பிப் பார்த்தன. கிளார்க் என் மூக்கைப் பார்த்தார், அப்பாவின் மூக்கைப் பார்த்தார். இரண்டும் ஒரே அச்சு.

"கொச்சுப் பையன் வேற என்னமோ பறயுன்னுண்டல்லோ?"

"அவன் சொல்லுதத நம்பாதிய சார்," என்றாள் அம்மா. "எதையாவது எங்கயாவது கேட்டுட்டு வந்து சொல்லிக்கிட்டே இருப்பான்."

கிளார்க் சிரிப்பை அடக்கிக்கொண்டு, விதியை மீறி, யாரென்று தெரியாத ஆளுக்கு ஒரு டிக்கெட் கிழித்தார். "உபகாரம், சேச்சி" என்றார் அப்பா. படகில் ஏறினோம். உண்மையான ஹார்ன் அதற்கப்புறம்தான் அடித்தது. என்னுடையதுதான் நன்றாக இருந்தது.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் நான். அப்பா எதிர்ப்பலகையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படகு வெலிங்டன் தீவைப் பார்த்துத் திரும்பியதும் கேட்டார்:

"சேச்சி எவிட போறது?"

"எறணாகுளத்துக்கு. நாத்தனா வீட்டுல காதுகுத்து."

"வீட்டுக்காரர் வரலியோ?"

"வந்தாக. கூட்டத்துல எங்கயோ நிக்காக. கொஞ்சம் ரோசக்காரக."

"ஆளு எப்படி?"

"ஆளு நல்ல ஆளுதான். வாய்தான் ரோட்டுல கெடக்கும்."

அப்பா தட்டிலிருந்த தேங்காயைத் திருப்பித் திருப்பி வைத்தார். "நானும் அதுபோல ஒரு ஆளுதான் சேச்சி. வாய் ரோட்டுல. அப்புறம் வீட்டுல ஒரு கரண்டி வெச்சாங்க. அதோட சரியாச்சு."

"கரண்டிய எடுத்தாச்சா?"

"எடுத்து ஆத்துல போட்டாச்சு" என்றார் அப்பா. அது பச்சைப் பொய். அந்தக் கரண்டி அன்றும் அவர் பையில்தான் இருந்தது, காலையில் நான் பார்த்தேன். இதை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் வாயில் ஒரு பழத்தைத் திணித்தாள். சீர்த்தட்டுப் பழம். அதை எடுத்தது தப்பு என்று அப்பா சொல்லவில்லை.

நான் பழத்தை மென்றுகொண்டே இரண்டு பேரையும் பார்த்தேன். பதினைந்து நாளாக ஒரு வார்த்தை என் வழியாக அல்லாமல் போனதில்லை. இப்போது என் தலைக்கு மேலேயே போய்வந்துகொண்டிருந்தது. நடுவில் புகுந்து, "அம்மா என்ன சொல்றாங்கன்னா" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். "கேட்டது, கேட்டது" என்று அப்பா கையை ஆட்டிவிட்டார். எனக்கு வேலை போய்விட்டது. அதைவிடப் பெரிய கவலை, இருவருக்கும் உண்மையிலேயே ஒருவரை ஒருவர் மறந்துபோய்விட்டது. பேசாமலே இருந்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

பத்தரைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அத்தை வீட்டை அடைந்தோம். தாய்மாமன் மடி சரியான நேரத்துக்கு விரிந்தது. அத்தை மகள் என் ஹார்னையும் மிஞ்சும்படி கத்தினாள். எல்லாம் முடிந்து பந்தி நடக்கும்போது, பொறுப்பான பிள்ளை என்ற முறையில் அத்தையிடம் போய்ச் சத்தமாகச் சொன்னேன்: "அத்தே, அம்மாவுக்கு அப்பா யாருன்னே தெரியல. டிக்கெட் குடுக்கறவர்கிட்ட அவங்களே சொன்னாங்க. டாக்டருகிட்ட காட்டணும்."

பந்தி நின்றது. அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். அப்பாவுக்குப் பாயசம் புரையேறியது. அத்தை என் தலையில் ஒன்று போட்டாள், கையில் ஒரு லட்டைக் கொடுத்தாள். எதற்கு அடி, எதற்கு லட்டு என்று யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் திரும்புவதற்கு எறணாகுளம் ஜெட்டிக்கு வந்தோம். மூவரும் ஒன்றாகத்தான் நடந்தோம், பத்தடி இடைவெளி எங்கோ விழுந்துபோயிருந்தது. அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி ஜன்னல். அன்று அதில் ஓர் அதிசயம். பிராட்வேயில் சாமான் வாங்கிவிட்டு வந்த பெண்களெல்லாம் பையும் பிள்ளையுமாக வரிசையில் நின்றார்கள், இருபது பேராவது இருக்கும். ஆண்கள் பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த ஜன்னலின் கிளார்க் வேலையில்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அம்மா போய்ப் பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றாள். அப்பா வெறும் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலி ஜன்னலைப் பார்த்தார். இரண்டு எட்டு வைத்தால் மூன்று டிக்கெட் கைக்கு வந்துவிடும். அவர் அந்த இரண்டு எட்டை வைக்கவில்லை. திரும்பி, பெண்கள் வரிசை நெடுகிலும் நடந்து, கடைசியில் நின்ற அம்மாவுக்குப் பக்கத்தில் போனார். காயலைப் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"சேச்சீ, ஒரு மட்டாஞ்சேரி."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

பெரியவர்களுக்கு இவ்வளவுகூடவா தெரியாது என்று எனக்குக் கோபமாக வந்தது. காலி ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, ஹெட்மாஸ்டரின் குரலில், ஜெட்டி முழுவதும் கேட்கும்படி கத்தினேன்: "அப்பா! இங்க ஆளே இல்ல! இங்க வாங்க!"

இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை.